துரையின் காருக்கு நான் சொன்ன விலை

அந்தக் காருக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். அதன் உண்மையான விலை அதைப்போல் ஆறேழு மடங்கு என்று கொடுக்கும்போதே எனக்குத் தெரியும். விற்றவருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான். அவருக்கு வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லும்போது ஒரு வரியை விட்டுவிட்டேன்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு றப்பர்த் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கராக இருந்தேன். விற்றவர் அதே தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் தோட்டத்தை நடத்திய துரைமாருக்குக் கார் ஓட்டியவர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அவருக்கு வேலை முடியும் வயது வந்தது. முடிந்தால் டிரைவர் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அது ஒன்றும் பெரிய வீடல்ல. இரண்டு அறை, சொந்தத் தண்ணீர்க்குழாய், சொந்தக் கக்கூஸ். அதை விட்டால் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், மகன் குடும்பம் இருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள்தான் நுழைய வேண்டும். மருமகள் படுக்கும் அறையில் போய்ப் படுக்க மாட்டேன் என்று டிரைவரின் மனைவி ஆபீஸ் வாசலில் நின்றே சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

கடைவீதிக்குப் போகும் பாதையோரம் ஒரு சிங்கள முதலாளி ஒரு சிறு வீடு கட்டப் போதுமான பத்து பேர்ச் காணியை அவர்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டு, பணம் கட்டச் சித்திரை வருடப்பிறப்பு வரை தவணையும் கொடுத்திருந்தார். வேலை முடியும்போது வரும் சேமலாப நிதிப் பணம் முழுவதையும் போட்டாலும் ஐம்பதாயிரம் குறைந்தது. அதற்கு அவர்களிடம் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மேலே துணிக்கூரை போட்ட பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். எங்கள் பழைய துரை இளவயதில் வாங்கியது. ஓய்வுபெற்று அவுஸ்திரேலியாவிலிருந்த பிள்ளைகளிடம் போனபோது அதை ஓடாத நிலையில் டிரைவரிடம் விட்டுவிட்டுப் போனார். முன்பு றப்பர் ஷீட் காயவைத்த, இப்போது பாவனையில் இல்லாத புகைக்கூட்டில், றப்பர்ப் பால் காய்ந்த நாற்றத்துக்குள் அது ஏழெட்டு வருடம் கிடந்தது. துணிக்கூரையை எலி தின்றது. சீட்டில் கோழி அடைகாத்தது. ஆனால் டிரைவர் மாதம் ஒருமுறை போய், கைப்பிடியைச் செருகி இஞ்சினைச் சுற்றிவிட்டு வருவார். இறுகிவிடக் கூடாது என்பதற்காக.

காரை விற்கட்டுமா என்று கேட்டு அவர் என்னைக் கொண்டே துரைக்கு எழுதினார். பதிலும் என்னிடம்தான் வந்தது. எங்கள் தோட்டத்தில் இங்கிலீஷ் கடிதமென்றால் கிளாக்கர் வாசித்துச் சொல்வதுதான் கடிதம். பிறப்புப் பத்திரம், கோர்ட் நோட்டீஸ், ஆஸ்பத்திரித் துண்டு எல்லாம் அப்படித்தான். வாசித்த பிறகும் பலர் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். லயத்தில் ஒழுகும், ஆபீஸில் இருந்தால் பத்திரம் என்று என்னிடமே விட்டுப்போவார்கள்.

துரை எழுதியிருந்தது ஒரு பக்கம். கார் டிரைவருக்கே சொந்தம், கைமாற்றும் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன், எழுபத்தைந்தாயிரத்துக்குக் குறைய யாருக்கும் கொடுக்க வேண்டாம், மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும். இந்த நான்கில் மூன்றாவதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் சத்தமாக வாசித்தேன்.

"வெலை ஏதும் எழுதியிருக்காருங்களா?" என்று டிரைவர் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

ஏன் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பணத்தாசை மட்டுமல்ல. இருபது வருடம் அந்தக் கார் ஆபீஸைக் கடக்கும்போதெல்லாம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றவன் நான். அதில் உட்கார வேண்டும் என்ற ஆசை எனக்குள் பழுத்துப் புளித்துப் போயிருந்தது. ஆனால் இதை ஒரு நியாயமாகச் சொல்ல வரவில்லை.

அடுத்த ஞாயிறு இரத்தினபுரிக்குப் பஸ் ஏறினேன். பழைய கார்கள் பார்க்கும் ஒரு மெக்கானிக் அங்கே இருந்தார், எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். காரைப் பற்றிச் சொன்னேன். இஞ்சின் சுற்றுகிறதா, சேஸி நம்பரும் புத்தகத்தில் உள்ள நம்பரும் ஒன்றா என்று இரண்டே கேள்விதான் கேட்டார். ஆம் என்றதும், துருவையும் சீட்டையும் பார்த்துப் பயப்பட வேண்டாம், மாணிக்க வியாபாரிகள் எண்பதாயிரம் வரை கொடுப்பார்கள் என்றார். துரையின் கணக்கும் பாஸின் கணக்கும் பொருந்தின. எனக்கு இனிச் சந்தேகம் என்று சொல்லிக்கொள்ளவும் இடமில்லை.

திங்கட்கிழமை டிரைவரையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு புகைக்கூட்டுக்குப் போனேன். காரைச் சுற்றி நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு குறையையும் வாய்விட்டுச் சொன்னேன். கதவின் அடியில் விரலை விட்டுத் துருவை உதிர்த்துக் காட்டினேன். வயர் முழுவதும் எலி கடித்ததைக் காட்டினேன். டிரைவர் கைப்பிடியைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினார். இஞ்சின் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"சுத்துது. ஓடணுமே" என்றேன்.

காரைப் பற்றி என்னைவிட நூறு மடங்கு தெரிந்தவர் அவர். ஆனால் விலை என்பது துரையும் கிளாக்கரும் பேசும் விஷயம் என்று அவர் நினைத்தார். பழைய இரும்பு வாங்குபவன் ஒன்பதாயிரம் கேட்டிருப்பதாகச் சொன்னார். வெளி வியாபாரி யாரும் வந்து பார்க்கவும் வழியில்லை. தோட்டத்துக்குள் வெளியாள் வர ஆபீஸ் துண்டு வேண்டும், அதை எழுதுபவன் நான். "நீங்க பார்த்துச் சொல்றதுதாங்க" என்றார். நான் பன்னிரண்டு என்றேன். மூவாயிரம் கூடுதல் என்று அவர் மனைவி மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து என் வீட்டில் கொடுத்தார். சாப்பிட்டோம்.

வருடப்பிறப்பு வந்தது. காணி வேறொருவருக்குப் போனது. அவர்கள் லயத்துக்குப் போனார்கள். காம்பராவுக்கு முன்னால் தகரக் கூரை இறக்கி, கிழவனும் கிழவியும் அங்கே படுத்தார்கள்.

காரைச் சரிசெய்ய ஒன்றரை வருடமானது. முதல் நாள் தோட்டப் பாதையில் ஓட்டி வந்தபோது டிரைவர் லயத்து முனையில் நின்றிருந்தார். கையைக் காட்டி நிறுத்தினார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து இஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கிளட்ச்ச ரெண்டு தரம் மிதிச்சுக் கியரப் போடணுங்க. இல்லாட்டி பல்லு போயிரும்" என்றார். அதன் பிறகு அந்தக் காரில் எனக்கு ஒரு நாளும் சுகமில்லை. ஆனாலும் ஆறு வருடம் வைத்திருந்தேன்.

நானும் ஓய்வுபெற்று, கடைவீதிப் பாதையில் கட்டியிருந்த சொந்த வீட்டுக்கு வந்தேன். கிளாக்கர் குவாட்டர்ஸிலிருந்து சாமான்களை லொறியில் ஏற்றிய நாளில், எனக்குப் போக ஒரு வீடு இருக்கிறது என்பதை நினைத்தேன். அந்த மாதமே காரை ஒரு மாணிக்க வியாபாரிக்கு நான்கு லட்சத்துக்கு விற்றேன். பழுது பார்த்த செலவையும் கொடுத்த பன்னிரண்டாயிரத்தையும் கழித்துக்கொண்டு மீதியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். கழித்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தகரத்துக்குக் கீழே டிரைவர் உட்கார்ந்திருந்தார். இளைப்பு நோயால் மெலிந்திருந்தார். கடிதத்தை எடுத்து, இம்முறை நான்கு விஷயத்தையும் வாசித்தேன்.

"எவ்வளவுக்கு வித்தீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அதுக்கே குடுத்துட்டீங்களா? இன்னும் அம்பது கேட்டிருக்கலாம். ஒங்கள நல்லா ஏமாத்திட்டாங்க, கிளாக்கரையா."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்காமல் போனது. மனைவி உள்ளேயிருந்து வந்து முதுகைத் தடவிக்கொண்டே என் கையிலிருந்த பணப் பொதியைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"எங்க காசுதானேங்க. வச்சுட்டுப் போங்க" என்றார் அந்த அம்மாள்.

வைத்துவிட்டு வந்தேன். இடையில் பாதைக்குத் தார் போட்டு, பஸ்ஸும் வந்து, காணி விலை ஏறிவிட்டது. அந்தப் பணத்துக்குப் பாதையோரத்தில் நான்கு பேர்ச் கிடைக்கும் என்றார்கள். அதில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. கழித்த செலவையும் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, மழைக்காலத்தில், தகரத்துக்குக் கீழேயே டிரைவர் இறந்துபோனார். சாவு வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லி யாரும் நாற்காலி போடவில்லை.

அந்த அம்மாள் நடந்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் லயம் முழுவதும் சொல்லியிருக்கிறார். ஓய்வுபெற்ற பிறகும் என்னிடம் கடிதம் கொண்டுவந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். இரண்டு பேர் வந்து, முன்பு வைத்துவிட்டுப் போன பத்திரங்களைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் போனார்கள். இப்போது இங்கிலீஷ் கடிதம் வந்தால் கடைவீதியில் டெலிபோன் கடை வைத்திருக்கும் பையனிடம் கொண்டுபோகிறார்கள். ஒரு பக்கம் வாசிக்க இருபது ரூபாய் வாங்குகிறானாம். அங்கே போக என் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிறார்கள்.