சும்மா வால்பாறைக்குப் போன அம்மா

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காக, இருந்த வேலையைப் போட்டுவிட்டு வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இதை எழுதும் நான் அவர் மகள், இரண்டு பிள்ளைகளில் இளையவள்.

நினைவு மலருக்கு அச்சகத்தில் ஒரு மாதிரி கொடுத்தார்கள். படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றினால் போதுமாம். அதில், ‘தன் சுகம் பாராது குடும்பத்துக்காக உருகியவர்’ என்று ஒரு வரி இருந்தது. அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

“இது ஆரு கண்ணு? உங்கம்மா மாதிரித் தெரியலையே.”

அம்மா தன் சுகத்தை நன்றாகவே பார்த்துக்கொண்டவர். அதை விட்டுவிட்டு எழுதினால் வேறு யாருக்கோ மலர் போட்டது போல் ஆகிவிடும். அப்படி வாழ்ந்தது தவறா என்ற பேச்சு இங்கே கூடியிருக்கும் பலர் வீட்டில் நடந்ததுதான். அதை அம்மாவின் முகத்துக்கு நேராகவே கேட்டவள் நான். அதனால் பதிலும் நானே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது காங்கேயம் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில். மழை வந்தால் சோளம், வராவிட்டால் வானம். பத்தாவது முடித்ததும் கோவையில் நூல் மில் வேலை. கல்யாணமாகிக் கிணத்துக்கடவுக்கு வந்த சில ஆண்டுகளில் மில்லை மூடிவிட்டார்கள். அதன் பிறகு கடைசிவரை வீட்டில் தையல் மெஷின்தான். அண்ணனின் படிப்பும் என் படிப்பும் அந்த மெஷினில் ஓடியவை. அப்பா விபத்தில் கால் முறிந்து படுத்திருந்த ஒரு வருடமும் அம்மா ஒருவரே வீட்டைத் தாங்கினார். உழைப்பில் குறை வைத்ததே இல்லை.

ஆனால் முதல் தோசை அவருக்குத்தான். அடுப்படியில் நின்றபடியே, சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுவார். அண்ணன் முறைத்தால், “எனக்கு வயிறு நெறைஞ்சிருந்தாத்தான் நீ எத்தனை திங்கறேன்னு எண்ண மாட்டேன். உனக்குத்தான்டா லாபம்” என்பார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, சமைத்து மூடி வைத்துவிட்டு, பொள்ளாச்சியில் பஸ் மாறி, வால்பாறைக்குப் போவார். தனியாக. அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை, ஒரு வேலையும் இல்லை. ஏற நாற்பது கொண்டை ஊசி வளைவு. மேலே ஒரு டீ, இரண்டு மிளகாய் பஜ்ஜி. இறங்க அதே நாற்பது வளைவு. அவ்வளவுதான்.

அப்பாவின் அக்காவான எங்கள் அத்தைக்கு, அம்மாவின் நங்கையாவுக்கு, இது அறவே ஆகாது.

“எதுக்குப் போனே?”

“சும்மாதானுங்க நங்கையா.”

“சும்மா ஆராச்சும் அத்தனை தூரம் போவாங்களா? போற பக்கம் ஆனைமலைக் கோயில் இருக்குதல்ல? அங்க போறேன்னு சொல்லிப்போட்டுப் போனா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க.”

“சாமி பேரச் சொல்லியா பொய் சொல்லச் சொல்றீங்க? கோயிலுக்கு வேற நாளு போறனுங்க. இது பஸ்ஸுல போறதுக்காகப் போறது.”

எனக்கு வரன் பார்த்த சமயம். மாப்பிள்ளை வீட்டார், “ஞாயித்துக்கெழம முடிஞ்சா வாரோமுங்க” என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பையனோடு இரண்டு முறை போனில் பேசியிருந்தேன், பிடித்திருந்தது. அம்மாவுக்கும் அது தெரியும். “முடிஞ்சாத்தான? வர மாட்டாங்க” என்று பஸ் ஏறிவிட்டார். பதினொரு மணிக்கு அவர்கள் வந்து நின்றார்கள்.

“பொண்ணோட அம்மா எங்கீங்க?”

அப்பாவுக்குப் பொய் வராது. “வால்பாறைக்குப் போயிருக்காங்க.”

“ஏனுங்க, ஏதாச்சும் விசேசமுங்களா?”

“இல்லீங்க. சும்மா.”

காபி பாதி தம்ளரில் நின்றது. சம்பந்தமும் அதோடு நின்றது.

சாயங்காலம் டீத்தூள் பொட்டலத்தோடு வந்த அம்மாவிடம் கத்தினேன். “உங்களுக்கு உங்க சந்தோசந்தான் பெருசு. பெத்த புள்ளைகூட அப்புறந்தான்.”

அம்மா எதிர்வாதம் செய்யவில்லை. “தப்பு எம்மேலதான் கண்ணு” என்றார். அடுத்த மாதம் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. ஆறு மாதம் வால்பாறை இல்லை, முதல் தோசை இல்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கடைசியாக உட்கார்ந்தார். அத்தைக்கு மகிழ்ச்சி. “இப்பத்தான் குடும்பப் பொம்பளையாட்ட இருக்கறா.”

எங்களுக்குத்தான் மூச்சு முட்டியது. அம்மா எங்களை எண்ண ஆரம்பித்திருந்தார். அண்ணன் எத்தனை மணிக்கு வந்தான், அப்பா டீக்கடையில் ஏன் அத்தனை நேரம் நின்றார், நான் போனில் யாரோடு சிரித்தேன். ஒரு நாள் நான் சிநேகிதிகளோடு சினிமாவுக்குக் கிளம்பியபோது, “நான் இங்க ஆருக்காக இப்பிடிக் கெடக்கறேன்?” என்று கேட்டுவிட்டார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை.  சொன்ன வாயை அம்மாவே முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய கைப்பையை எடுத்து நானே வாசலில் வைத்தேன்.

“கெளம்புங்கம்மா. உங்க பஸ் வந்துரும்.”

என்னையே பார்த்தார். “நீயும் வாரியா?”

“வாரேன்.”

“ஜன்னல் சீட்டு எனக்குத்தான். இப்பவே சொல்லிப்போட்டேன்.”

பாதி மலைக்கு மேல் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அம்மா கண்ணை மூடி முகத்தைக் கொடுத்தார். மழைக்காக வானத்தைப் பார்த்தே வளர்ந்த முகம், முழுக்க நனைந்திருந்தது. யாருடைய பங்கையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்த அந்த ஒரு ஞாயிறு போனது தவறு. அதில் எனக்கு இன்றும் கொஞ்சம் வருத்தம் உண்டு, மறைத்தால் அம்மாவே சிரிப்பார். ஆனால் தவறு அந்த நாளில் இருந்தது, அந்த சந்தோஷத்தில் இல்லை. நான்தான் இரண்டையும் சேர்த்து மூட்டை கட்டித் தூக்கி எறிந்துவிட்டேன்.

நோய் முற்றிப் படுத்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து நான் வால்பாறைப் பாதையின் வளைவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவேன். என் அவசரம் தெரிந்ததுதானே! “பத்து, பதினொண்ணு” என்று ஓடினால், அம்மா கண்ணைத் திறக்காமலே கையைப் பிடித்து நிறுத்துவார்.

“இப்பத்தான் ஒம்பது. நில்லு சாமி. அணை தெரியுது பாரு.”

அந்த நாட்களில் இரவு பகல் பாராமல் துணை நின்ற பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைத்த நர்ஸ் பெண்ணுக்கும், ரத்தம் கொடுத்த அண்ணனின் நண்பர்களுக்கும், தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்காமல் காத்திருந்த வாடிக்கையாளர்களுக்கும், அம்மா வந்தால் ஜன்னல் சீட்டைக் காட்டிய கண்டக்டர்களுக்கும் எங்கள் நன்றி.

அத்தைக்குத் தனியாக ஒரு நன்றி. கடைசி மூன்று மாதம் அம்மாவுக்குத் தலைவாரிவிட்டது அவர்தான். போன வாரம் இந்தக் கட்டுரையை முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டார். திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன். அம்மாவின் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஞாயித்துக்கெழம என்னையும் அந்த பஸ்ஸுல கூட்டிட்டுப் போறியா அம்மணி?”

“கோயிலுக்குங்களா அத்தை?”

“இல்ல. சும்மா.”