லைன் அக்காவைச் சுற்றிய கோடுகள்

அந்தத் தாள் பிரிண்டரிலிருந்து வெளியே வந்தபோது இளஞ்சூடாக இருந்தது. பெரிய அளவுத் தாள், கலர் பிரிண்ட். நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. சுற்றிலும் நாற்பத்தொரு சின்னப் புள்ளிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோடு நேராக நடுப்புள்ளிக்கு ஓடியது. மொத்தத்தையும் வளைத்து ஒரு வட்டம் போட்டு, அதன் தலையில் ஒரு பெண்ணின் பெயரைத் தட்டியிருந்தேன். அன்றைக்கு அது என் கண்ணுக்கு அழகாகக்கூட இருந்தது. கீழே ஓரத்தில் ‘தயாரித்தவர்’ என்று என் பெயரையும் போட்டுக்கொண்டேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கம்தான். ஆனால் என் தப்பை மறைத்துவிட்டு எழுதினால் அக்காவின் வெற்றி பாதிதான் தெரியும்.

புதுச்சேரிப் பக்கம் சேதராப்பட்டில் தண்ணீர் மோட்டாருக்குள் போகும் ரப்பர் வளையங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அப்போது வேலை பார்த்தேன். கீழே தகரக் கூரை போட்ட ஷெட். அதில் ஆறு பிரஸ்கள். சூடான அச்சுக்குள் ரப்பரை வைத்து அழுத்தினால் வளையமாக வெளியே வரும். பிரஸ்ஸுக்கு ஒரு பெண் நிற்பாள். அந்த வரிசைக்குத்தான் லைன் என்று பெயர். மாடியில் ஏசி போட்ட அறை. அங்கே தரம் பார்க்கும் பிரிவில் நான். முத்தியால்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் போவேன், மாடிப்படி ஏறுவேன், சாயங்காலம் இறங்குவேன். ஷெட்டின் சூடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் என்ற மிதப்பு எனக்கு நிறைய உண்டு.

அந்த ஆறு பெண்களுக்கும் பொறுப்பாக இருந்தவளை எல்லாரும் லைன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான். பிள்ளைச்சாவடிக்காரி. வீட்டில் எல்லாருக்கும் கடல் வேலை. இவள் ஒருத்திதான் பஸ் ஏறி வந்தாள். லீவே போடமாட்டாள். காலை முதல் பஸ்ஸில் வந்து, மற்றவர்கள் வருவதற்குள் ஷெட்டைத் திறந்து வைத்திருப்பாள். என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவள், அவ்வளவுதான். ஆனால் குரல் மட்டும் ஆறு பிரஸ் ஓடும்போதும் மாடிவரை கேட்கும். எனக்கு அந்தக் குரல் அப்போது அவ்வளவாகப் பிடிக்காது.

ஒருநாள் எங்களிடம் வளையம் வாங்குகிற கம்பெனியிலிருந்து நாற்பத்தொரு பெட்டிகள் திரும்பி வந்தன. மேலாக இருந்த சில பெட்டிகளைத் திறந்து பார்த்தால் வளையங்களில் மயிரிழை மாதிரி வெடிப்பு. பெரிய சார், எங்கள் மேனேஜரை அப்படித்தான் சொல்வோம், என் மேஜைக்கே வந்து நின்று, “யாரு பண்ணதுன்னு கண்டுபுடிச்சு குடும்மா” என்றார். யார் என்றுதான் கேட்டார். நானும் அந்தக் கேள்வியை அப்படியே வாங்கிக்கொண்டேன்.

என்னிடம் அப்போது ஒரு புதிய சாப்ட்வேர் இருந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. ஒவ்வொரு பொருளையும் ஆளையும் ஒரு புள்ளியாக வைக்கும். எதற்கும் எதற்கும் சம்பந்தம் உண்டோ அந்த இரண்டுக்கும் நடுவே கோடு போடும். ஒரு புள்ளியைத் தொட்டு, ‘இதோடு சேர்ந்தவற்றைத் தேர்ந்தெடு’ என்று சொன்னால் போதும். கோட்டால் சேர்ந்த எல்லாப் புள்ளிகளும் மஞ்சளாகிவிடும். மஞ்சளானவற்றை ஒரு குழுவாகக் கட்டி, சுற்றி வட்டம் போட்டுப் பெயரும் வைக்கலாம். எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. திரும்பி வந்த பெட்டிகளைப் புள்ளிகளாக வைத்தேன். பதிவில் ஒவ்வொரு பெட்டிக்கும் நேராக யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துக் கோடு போடச் சொன்னேன். நாற்பத்தொரு கோடும் லைன் அக்காவிடம் போய் நின்றன. குழுவாகக் கட்டினேன், பெயர் வைத்தேன், பிரிண்ட் எடுத்தேன். பெரிய சார் தாளைக் கையில் வாங்கி, “இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்” என்றார்.

அன்று மத்தியானமே ஷெட்டின் நடுவில், ஆறு பெண்கள் முன்னால், அக்காவின் கையில் மெமோவைக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். பதில் சரியில்லை என்றால் வேலை போகும். அதுவரை உள்ளே வரக்கூடாது. அக்கா மெமோவோடு என் படத்தின் நகலையும் வாங்கி, மடித்து, டிபன் பையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பெருமையாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா என் வீட்டு வாசலில் நின்றாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தாவின் வீட்டு மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அவரிடமே வழி கேட்டு மேலே ஏறி வந்திருந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, என் படத்தை என் மேஜைமேலேயே விரித்தாள்.

“ஏம்மா, இதுல திரும்பி வந்த பொட்டிங்க மட்டுந்தான இருக்குது?”

“ஆமாங்க்கா.”

“நல்லபடியா போயி சேந்த பொட்டிங்க எங்க?”

அது எதற்கு என்று கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, பரிதாபம்தான் இருந்தது.

“எங்கம்மா கூடைல மீன் விக்கறாங்க. நாலு மீனு கெட்டுப்போச்சுன்னா அந்த நாலை மட்டும் தூக்கினு வந்து மூஞ்சிக்கு நேரா காட்டுவாங்க. நல்லா கொழம்பு வெச்சு தின்ன மீனை எவ கொண்டாந்து காட்டுவா? நீ கெட்டதை மட்டும் அடுக்கி வெச்சு என்னைச் சுத்தி கோடு போட்டிருக்க. நல்லதையும் போடு. அப்பவும் எல்லாம் என்கிட்டத்தான் வந்து நிக்கும். ஆறு பிரஸ்ஸும் என் கட்டை வெரல்லதான ஓடுது? நீயுந்தான் டெய்லி பாத்துனு போற.”

உண்மைதான். காலையில் மாடிப்படி ஏறும்போது ஷெட் வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் போனேன். ஒவ்வொரு பிரஸ்ஸிலும் ஒரு சின்னக் கருவி உண்டு. அதில் கட்டை விரலை வைத்தால்தான் பிரஸ் திறக்கும். யார் விரலோ, அவர் பெயரில் அன்றைய பெட்டிகள் ஏறும். ஆனால் சூடான வளையங்களை வருஷக்கணக்காகப் பிடுங்கிப் பிடுங்கி அந்தப் பெண்களின் விரல் ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. கருவிக்கு அவர்களை அடையாளம் தெரியாது. சிவப்பு விளக்கு எரியும், பிரஸ் திறக்காது. மேற்பார்வை பார்க்கிற அக்காவின் ரேகை மட்டும் மிச்சம் இருந்தது. அதனால் காலையில் வேலை தொடங்கும்போது ஆறு பிரஸ்ஸிலும் அவளே விரலை வைத்துத் திறந்துவிடுவாள். கீழே இருந்த எல்லாருக்கும் இது தெரியும். அவள் உள்ளே வராத நாட்களில் மாடிக்குச் சொல்லாமல் எலக்ட்ரீஷியனை வைத்துக் கருவியின் ஒயரைக் கழற்றித்தான் பிரஸ்களை ஓட்டினார்கள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. மாடியில் நான் அந்தப் பெயர்ப் பதிவை எடுத்துப் படம் வரைந்தேன், அந்த விரலைத் தினமும் என் கண்ணால் பார்த்தவள்.

“மன்னிச்சிடுங்க்கா” என்றேன். “மன்னிக்கறது அப்பறம். நாளைக்கு சரியா போட்டு எடுத்துனு வா, நான் கேட்டுல நிப்பேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இந்த வேலை போனால் அவளுக்கு வேறு வேலை இல்லை, கையில் இரண்டு நாள்தான் இருந்தது, ஆனால் படி இறங்குகிற சத்தத்தில் ஒரு தயக்கமும் இல்லை.

மறுநாள் போனதும் மெமோவுக்கு முந்தைய மூன்று மாதத்துப் பெட்டிகள் அத்தனையையும் ஏற்றினேன். நல்லது, கெட்டது எல்லாம். இந்த முறை பிரஸ்களையும் புள்ளிகளாக வைத்தேன். எந்தப் பெட்டி எந்தப் பிரஸ்ஸில் ஆனது என்று பெட்டியின் லேபிளிலேயே எண் இருக்கிறது. முதல் தடவை அதை நான் தொடவே இல்லை, பெரிய சார் யார் என்றுதானே கேட்டிருந்தார். மத்தியானம் வரை ஆனது. பிறகு கேட்டுக்குப் போய், வாட்ச்மேனிடம் என் பொறுப்பு என்று சொல்லி, அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு பெரிய சார் அறைக்குள் போனேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கதவைத் தட்டாமல் நான் உள்ளே போனது அந்த ஒரு தடவைதான்.

லேப்டாப்பைத் திருப்பி வைத்து, அக்காவின் புள்ளியைத் தொட்டு, சேர்ந்தவற்றைத் தேர்ந்தெடுத்தேன். திரை முழுக்க மஞ்சளானது. ஒரு புள்ளி மிச்சமில்லை.

“இன்னாம்மா இது, எல்லாமே மஞ்சளா கீது? ரிப்பேரா?”

“இல்ல சார். நல்ல பொட்டி, கெட்ட பொட்டி எல்லாமே அக்கா பேர்லதான் இருக்குது.”

“அது எப்புடி? ஒரே ஆளு ஆறு பிரஸ் ஓட்ட முடியுமா?”

அவர் வாயாலேயே அது வந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்கவே முடியவில்லை. அக்கா தன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு நான் விரல் கதையைச் சொன்னேன். அவர் முகம் சிவந்து, “அப்ப ரூல்ஸை மீறினு இருந்திருக்கீங்க” என்று ஆரம்பித்தார். “வெரல் வெக்கலன்னா லைன் நின்னிருக்கும் சார். நின்ன லைனுக்கும் என்கிட்டத்தான் மெமோ வந்திருக்கும்” என்றாள் அக்கா.

அடுத்து அக்காவின் புள்ளியை மறைத்தேன். நடுவிலிருந்த அந்த ஒன்று போனதும் அவளிடம் ஓடிய கோடுகள் எல்லாம் அறுந்து, புள்ளிகள் திரையில் தடுமாறி நகர்ந்து, ஆறு கொத்தாகப் பிரிந்து நின்றன. பிரஸ்ஸுக்கு ஒரு கொத்து. திரும்பி வந்த பெட்டிகளுக்குச் சிவப்பு நிறம் கொடுத்தேன். முப்பத்தொன்பது சிவப்பும் ஒரே கொத்தில் கிடந்தன. மிச்சம் இரண்டு வேறொரு கொத்தில் தனியாக இருந்தன. அவை லாரியில் நசுங்கிய பெட்டிகள் என்பது பிறகு தெரிந்தது. சிவப்புக் கொத்தைத் தேர்ந்தெடுத்து, குழுவாகக் கட்டி, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அக்காவைப் பார்த்தேன்.

அவள் குனிந்து நடுவிலிருந்த எண்ணைப் படித்தாள். “நாலாம் நம்பர்” என்றாள். நிமிர்ந்தபோது அவள் கண் பளபளத்தது. “சார், நாலாம் நம்பர்ல சூடு காட்டற மீட்டரை மாத்தினதுலேர்ந்து கிட்ட நிக்க முடியலன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? பொம்பளைங்கன்னா சூடு சூடுன்னுதான் சொல்லுவீங்கன்னு சொன்னீங்களே.”

மூன்று பேரும் கீழே இறங்கினோம். நான் முதல் முறையாக நாலாம் நம்பர் பக்கத்தில் நின்றேன். முகத்தில் அனல் அடித்தது. தனியாக வைத்து அளக்கிற வேறொரு மீட்டரைக் கொண்டுவரச் சொல்லி அச்சின் மேல் வைத்துப் பார்த்தார்கள். பிரஸ்ஸின் மீட்டர் காட்டியதைவிட உள்ளே சூடு மிக அதிகம். ரப்பர் அளவுக்கு மேல் வெந்து, விறைத்து, வெடித்திருக்கிறது. யாருடைய கையும் அதில் தப்புச் செய்யவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். விரல் கருவியை எடுத்துவிட்டு ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். அவரவர் எண்ணை அழுத்தினால் அவரவர் பெயரில் பெட்டி ஏறும். ஆறு பெண்களின் பெயர்களும் அப்போதுதான் முதல் முறையாக எங்கள் பதிவுக்குள் வந்தன. அக்கா இப்போது அந்த ஷெட்டுக்கே சூப்பர்வைசர். நான் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். இன்னும் புள்ளிகளோடும் கோடுகளோடும்தான் பிழைப்பு, ஆனால் யாராவது என்னிடம் வந்து ‘யார்’ என்று கேட்டால் உடனே படம் வரைந்து கொடுப்பதில்லை. இதனால் எனக்குக் கொஞ்சம் சோம்பேறி என்ற பெயரும் உண்டு. இருக்கட்டும்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். அளந்து முடித்ததும் பெரிய சார், “சரிம்மா, மெமோவை வாபஸ் வாங்கிக்கறேன், மேல வந்து லெட்டர் வாங்கிக்கங்க” என்று சொல்லிவிட்டுப் படியைப் பார்த்து நடந்தார். அக்கா நகரவில்லை. “மெமோவை இங்க வெச்சுத்தான குடுத்தீங்க சார்? வாபஸ்ஸும் இங்கயே சொல்லுங்க” என்றாள். அவர் நின்றார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் தப்பு என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். திரும்பி வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, ஏதோ சொன்னார். பிரஸ்களின் இரைச்சலில் பக்கத்தில் நின்ற எனக்கே அது பாதிதான் கேட்டது.

“கேக்கல சார்!” என்று மூன்றாம் நம்பரிலிருந்து ஒரு குரல் வந்தது.

அக்கா ஒன்றாம் நம்பருக்குப் போய் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பிறகு இரண்டு, மூன்று என்று வரிசையாக நடந்து ஒவ்வொன்றாக நிறுத்தினாள். பண்டிகை நாளிலும் ஓடுகிற ஷெட் அது. ஆறாவதும் நின்றபோது, தகரக் கூரைமேல் ஒரு காக்கை நடக்கும் சத்தம் கேட்டது. பெரிய சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளுடைய முழுப்பெயரையும் சொல்லி, அந்தப் பெட்டிகளுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை, மெமோ கொடுத்தது தப்பு, நாளைக் காலையிலிருந்து இவர்தான் லைனைத் திறப்பார் என்று முதலிலிருந்து சொன்னார். அடுத்து நானும் ஓரடி முன்னால் வந்து, அந்தப் படத்தைப் போட்டவள் நான், போட்டது தப்பு என்று சொன்னேன்.

அக்கா ஆறு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“இப்ப கேட்டுச்சாடி?”

“கேட்டுச்சுக்கா!” என்று அவர்கள் போட்ட சத்தத்தில் கேட்டிலிருந்த வாட்ச்மேன் என்னமோ ஏதோவென்று ஷெட்டுக்குள் ஓடி வந்தார்.