ஆஸ்பத்திரித் தெருவில் ஒரு சமயக் கூட்டம்

திண்டிவனத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற தெருவை மறித்து அந்தப் பந்தலைப் போட்டிருந்தார்கள். யுத்த காலம். சர்வ சமயக் கூட்டம் என்று விழுப்புரம் வரை நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் இரண்டாம் வரிசையில் இடம் கிடைத்தது. நாற்காலிகள் நாற்பத்திரண்டு. அவற்றில் ஏழு ஆடின. என்னுடையது அந்த ஏழில் ஒன்று.

பேச வந்தவர்கள் நால்வர்: ஒரு சைவர், ஒரு பாதிரியார், ஒரு மௌல்வி, ஒரு சமணப் பெரியவர். பிறர் நம்மை எப்படி நடத்த வேண்டும் என்று விரும்புகிறோமோ அப்படியே நாமும் அவர்களை நடத்த வேண்டும், எல்லா மதமும் இதைத்தான் சொல்கிறது என்பதே நால்வருக்கும் பேச்சு. ஒரு வரியில் முடிகிற விஷயத்தைச் சைவர் ஒரு மணி நேரம் சொன்னார். பாதிரியார், தன் மதத்தில்தான் அது இன்னும் தெளிவாக இருக்கிறது என்று காட்ட அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். ‘பிறர்’ என்ற சொல்லை அறுபத்து மூன்று வரை எண்ணினேன். பிறகு அலுத்துவிட்டது.

மௌல்வி பேசிக்கொண்டிருந்தபோது பந்தலின் ஓரத்தில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. பெருமுக்கல் பக்கத்துக் கூலியாள் ஒருவன் ஓட்டி வந்திருந்தான். உள்ளே வைக்கோல்மேல் அவன் மனைவி பிரசவ வலியில் கிடந்தாள். குறுக்கே பந்தல் கயிறு. அதற்கு அப்பால் ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரிந்தது.

கூட்டத்தின் காரியதரிசி ஒரு வக்கீல். வாயில் விரலை வைத்தபடி ஓடினார்.

“மெதுவாப் பேசுய்யா. பெரியவங்க பேசிக்கினு இருக்கறது தெரியல?”

“பொண்டாட்டி வலியில துடிக்குதுங்க. கயித்த அவுத்து உட்டா ஜல்தியாப் போயிடுவேன்.”

“அவுத்தா பந்தல் சாஞ்சிடும். இன்னும் ஒருத்தர்தான் பாக்கி, இரு. உன்ன மாதிரி ஆளுங்களுக்கு ஒத்தாசை பண்ணணும்னுதான் அவரும் பேசப்போறாரு.”

“பேச வாணாங்க. வந்து இந்தக் கயித்த அவுக்கச் சொல்லுங்க.”

கயிற்றை அவிழ்த்து ஓர் ஆள் பிடித்துக்கொண்டு, வழியில் இருந்த கூட்டத் தலைவரின் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும் என்றேன். தலைவரைக் கேட்க வேண்டும் என்றார்கள். தலைவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்புவது மரியாதையா என்று முன் வரிசையில் ஆலோசனை நடந்தது.

வண்டிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. “அவங்ககிட்ட இன்னா நாயம் கேட்டுக்கினு நிக்கிற? அவங்க முடிக்கிறதுக்குள்ள எனக்கு முடிஞ்சிடும். மாட்ட ஓட்டு மாமா.”

அவன் மாட்டின் வாலை முறுக்கினான். கயிறு அறுந்தது. ஜனங்கள் விலக, வண்டி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. சரிந்த துணி தலைவர்மேல் விழுந்தது. அவர் விழித்து, கூட்டம் முடிந்ததென்று நினைத்துக் கைதட்டினார்.

துணியைத் தூக்கிக் கட்டி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். சமணப் பெரியவர் பேசி முடிப்பதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. பெண் குழந்தை, தாயும் நலம் என்று வாசலில் நின்றவர்கள் வந்து சொன்னார்கள். மேடையில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. பிறர் மனம் நோக நடந்துகொண்ட வண்டிக்காரனைக் கண்டித்துத் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முன்மொழிய, மூவர் வழிமொழிந்தார்கள். அன்று நான்கு மதங்களும் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

அடுத்த ஆண்டும் அதே தெருவில்தான் பந்தல். கயிற்றுக்குப் பதிலாக இரண்டு சவுக்குக் கழிகளைக் குறுக்கே கட்டியிருந்தார்கள்.