ஈய அறையில் மூன்றாவது ஆள்

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நள்ளிரவு கூட இல்லை, பட்டப்பகல்!

கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கும் கைக்கருவிகளை வடிவமைப்பது என் வேலை. பேட்டரியில் ஓடும், சட்டைப்பையில் அடங்கும். கதிர்வீச்சு பட்டால் 'டிக்' என்று சத்தம் போடும். அதிகம் பட்டால் கத்தித் தீர்த்துவிடும். அதற்கு வெளிக்கூடு செய்பவன் என் மனைவியின் ஒரே தம்பி. எது உடைந்தாலும் ஒட்டிவிடலாம் என்பான். அதனால் அவன் பெயர் 'கோந்து'.

புதுக் கருவியை முதலில் ஈய அறையில் வைத்துப் பார்ப்போம். நான்கு சுவரிலும் ஈயத் தகடு. ஜன்னல் கிடையாது. வெளியிலிருந்து கதிர்வீச்சு உள்ளே வராது. அங்கே எப்போதாவது ஒரு டிக் கேட்டால் கருவி சரியாக இருக்கிறது என்று பொருள்.

மதியம் மூன்று மணி பத்து நிமிடம். நானும் கோந்தும் உள்ளே போய், கனத்த கதவைத் தோள் கொடுத்துச் சாத்தினோம்.

டிக்... டிக்... டிக்டிக்டிக்...

"உங்க கருவிக்குப் பல்லு தந்தியடிக்குது மாமா" என்று கோந்து சிரித்தான்.

கருவியைச் சுவர்ப் பக்கம் காட்டினேன். அமைதி. தரைப் பக்கம், அமைதி. அவன் பக்கம் திருப்பினேன். அலறியது.

"பாக்கெட்ல என்னடா வச்சிருக்க?"

"சீப்பு மாமா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தள்ளி நிற்கச் சொன்னேன். நின்றான். சத்தம் அவனோடு போகவில்லை. அவனுக்குப் பின்னால் இருந்த வெற்று இடத்தில்தான் கேட்டது...

பிறகு அது நகர்ந்தது. அவனை நோக்கி.

பல்பு வெடித்தது. இருட்டு.

தொம்! கோந்தைத் தூக்கிச் சுவரில் அடித்த சத்தம். மறுபடி, தொம்! என் முகத்தில் சூடாக ரத்தம் தெறித்தது.

"கையை விடுங்க மாமா!"

"நான் தொடவே இல்லடா!"

மடக்... அவன் எலும்பு முறிந்தது. அப்படி ஓர் அலறலை நான் கேட்டதே இல்லை.

டிக்டிக் கேட்ட திசையில், கைக்குக் கிடைத்த ஸ்பேனரை வீசி அடித்தேன். சதையில் பட்டது. பதிலுக்கு என் தாடையில் ஓர் அடி. வாயில் பல் உதிர்ந்தது.

சட்டென்று டிக் நின்றது.

போய்விட்டது...

கோந்தின் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தேன். வெளிச்சத்தில் கருவியைப் பார்த்தேன். பேட்டரி இறங்கியிருந்தது. பேட்டரி இறங்கினால் முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டு, திரை மட்டும் ஓடும்படி வடிவமைத்திருந்தேன்.

திரையில் கதிர்வீச்சின் எண் ஏறிக்கொண்டே இருந்தது.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர் கோந்தை மட்டும் உள்ளே படுக்க வைத்தார். சற்று நேரத்தில் என்னிடம் வந்து எரிந்து விழுந்தார்.

"கூட யாரும் நிக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல? யார் உள்ள போனது?"

"யாரும் போகலையே."

படத்தை நீட்டினார். இரண்டாக முறிந்த முன்கை எலும்பு. அதை இறுக்கிப் பிடித்தபடி ஐந்து விரல் எலும்புகள்.

நம்பாமல் இன்னொரு படம் எடுத்தார். அதில் அந்த விரல்கள் அவன் தோளுக்கு ஏறியிருந்தன.

மூன்றாவது படம் எடுக்க நான் விடவில்லை.