விதைத்தட்டுக்குப் பெயின்ட் அடித்தவன்

என் தம்பி வேளாண் பொறியியல் கல்லூரியில் இருபது வருஷம் வாத்தியாராக இருந்து, பேராசிரியராக ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னால் பதினேழு வருஷம் பட்டாளத்தில் வண்டி பழுதுபார்த்தான். அதற்கும் முன்னால் எங்கள் மக்காச்சோள வயலில் முழங்கால் சேற்றோடு திரிந்தான். இந்த மூன்றையும் முழுசாகத் தெரிந்த ஆள், அவனை விட்டால் நான் ஒருத்திதான். அதனால் நான் சொல்வதுதான் சரி. அவன் வேறு மாதிரி சொல்வான், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் அவனுக்குத் திருகாணி என்று பெயர். வைத்தது நான். ஒன்பது வயதில், அப்பா சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கிணற்றடி ஆயில் இன்ஜினைப் பிரித்துச் சாக்கு மேல் பரப்பி வைத்துவிட்டான். அப்பா வந்தார், பார்த்தார், கையில் தடியை எடுத்தார். அடித்துவிட்டால் மாட்டுவதற்கு ஆள் யார் என்று நான்தான் கேட்டேன். தடியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் இன்ஜின் ஓடியது. ஒரு திருகாணி மட்டும் மிச்சம். இது இல்லாமலே ஓடுகிறதென்றால் இது எதற்கு என்று அப்பாவையே திருப்பிக் கேட்டான். அந்தக் கேள்விக்குத்தான் அடி விழுந்தது.

பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தான். சண்டை போட்டானா என்று எல்லாரும் கேட்பார்கள். அவன் சண்டை போட்டதெல்லாம் லாரி கியர்பாக்ஸோடுதான். பனியில் உறைந்த வண்டி, மணலில் புதைந்த வண்டி, ஆற்றில் குப்புற விழுந்த வண்டி, எல்லாம் அவன் கைக்கு வரும். கண்ணைக் கட்டிவிட்டாலும் கார்புரேட்டரைப் பிரித்து மாட்டுவான் என்று அவன் கூட்டாளிகள் சொல்வார்கள். படிப்பில் ஆசை இருந்ததைப் பார்த்து பட்டாளத்திலேயே அவனைப் பொறியியல் படிக்கவும் அனுப்பினார்கள். முப்பத்தைந்து வயதில் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தவன், மேல்படிப்புக்கு வேளாண் கல்லூரியில் சேர்ந்தான். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்களாம். இவன் பேசாமல் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். உண்மையான வாத்தியார் வந்தபோது ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தரம் ஏமாற வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள்.

படித்து முடித்ததும் அதே கல்லூரியில் தற்காலிக வேலை கொடுத்தார்கள். மூன்று வருஷம். அது முடியும்போது ஒரு குழு வந்து பார்க்கும். பிடித்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் வாசல் அந்தப் பக்கம். அப்போது அவனுக்கு நாற்பது வயது.

இதில் அவனைவிடத் தவித்தவள் அவன் பெண்டாட்டி. கல்யாணமான பதினான்கு வருஷத்தில் ஒன்பது வீடு மாறியவள். பெண் குழந்தை ஐந்து பள்ளிக்கூடம் பார்த்துவிட்டது. கல்லூரிக் குடியிருப்பில் கொடுத்த வீட்டில்தான் முதல்முறையாகச் சுவரில் ஆணி அடித்தாள். அதையும் இவனைக் கேட்டுவிட்டுத்தான் அடித்தாள். குழு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் நான் அங்கே போயிருந்தேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "அண்ணி, இன்னொரு தடவை என்னால பெட்டி கட்ட முடியாது. அவர் போனா போகட்டும். நான் இங்கயேதான் இருப்பேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், ஆனால் அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும்.

குழுவுக்குக் காட்டுவதற்கு அவன் ஒரு விதைக்கிற கருவி செய்து வைத்திருந்தான். டிராக்டருக்குப் பின்னால் மாட்டுவது, ஒரே ஓட்டத்தில் நாலு வரிசை விதைக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்கு அடியில் வட்டமாக ஒரு மரத்தட்டு. தட்டின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை. ஒரு ஓட்டையில் ஒரு மக்காச்சோளம்தான் உட்காரும். சக்கரம் உருண்டால் தட்டு சுற்றும், சாணுக்கு ஒரு விதை மண்ணில் விழும். தட்டை அவனே கடைந்தான், ஓட்டையை அவனே அளந்து போட்டான். விதை என் வயலிலிருந்து போனது. பத்து நாள் முன்னால் மணலில் ஓட்டிக் காட்டினான். நூல் பிடித்த மாதிரி விழுந்தது. எனக்கே கண் பட்டுவிடுமோ என்று இருந்தது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பட்டாளத்துப் பழக்கம் அதற்கும் ஒரு படி மேல். பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் அங்கே கல்லுக்கும் மண்ணுக்கும் சுண்ணாம்பு அடிப்பார்களாம். மரத்துக்கு இடுப்பு வரைக்கும் வெள்ளை, வாளிக்குச் சிவப்பு, வண்டிக்குப் பச்சை. குழு வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் நம்ம ஆள் ஒரு டப்பா பச்சைப் பெயின்ட்டோடு பட்டறைக்குள் போனான். கருவியின் சட்டம், சக்கரம், பெட்டி, மூடி என்று ஒன்று விடாமல் அடித்தான். போதாது என்று நாலு தட்டையும் கழற்றி இரண்டு பூச்சு அடித்தான். வழுவழுவென்று காய்ந்து, காலையில் பார்த்தால் பொம்மைக் கடையில் வைக்கலாம் போல இருந்தது. நானும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஒல்லியான பெரியவர், சட்டைப் பையில் மண் கிளறுகிற ஒரு சின்னக் கொத்து வைத்திருந்தார். அடுத்தவர் கறுப்புக் கண்ணாடிக்காரர். இவர்தான் என் தம்பியை அவன் முதுகுக்குப் பின்னால் சிப்பாய் என்று சொல்கிறவர். மூன்றாவது ஒரு அம்மா, வாயே திறக்கவில்லை. நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். டிராக்டர் ஓட்டுநர் கருவியை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துக்கொண்டு போனார். நாலு கோடும் அம்பு மாதிரி நேராக விழுந்தன. தலைவர் குனிந்து கொத்தினார். ஒரு சாண், விதை இல்லை. இரண்டாவது சாண், இல்லை. ஐந்தாவது சாணில் ஒன்றே ஒன்று, அநாதை மாதிரி கிடந்தது. சிப்பாய்க்கு அணிவகுப்பு நன்றாக வரும், விதைப்புதான் வராது போல என்று கண்ணாடிக்காரர் பக்கத்திலிருந்த அம்மாவிடம் சொன்னார். மெல்லச் சொன்னதாக அவர் நினைப்பு.

நான் எழுந்துபோய்ப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"டேய், போட்ட விதை போட்ட மாதிரியே இருக்குடா. கீழ விழுந்திருந்தா குறைஞ்சிருக்கணுமே?"

அவன் கையைவிட்டு விதையை ஒதுக்கினான். தட்டின் மேல் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு மக்காச்சோளம் ஏறி உட்கார்ந்திருந்தது, உள்ளே இறங்கவில்லை. இரண்டு பூச்சுப் பெயின்ட் ஓட்டையைச் சுருக்கிவிட்டது. விரலால் ஒன்றை அழுத்திப் பார்த்தான், அசையவில்லை. காது மட்டும் சிவந்தது.

"என்ன கோளாறு?" என்று தலைவர் கேட்டார்.

"கோளாறு கருவியில இல்ல சார், என்கிட்டதான். பெயின்ட் அடிச்சிட்டேன்."

"வெளிய அடிச்சது சரி. உள்ள எதுக்கு?"

"நீங்க மூடியைத் திறந்து பார்ப்பீங்கன்னு சார்."

"நான் மண்ணைத் திறந்துல்ல பார்க்க வந்தேன்" என்றார் பெரியவர். திட்டவில்லை. அதுதான் இன்னும் சுருக்கென்று தைத்தது.

அரை மணி நேரம் கேட்டான். தேநீர் குடித்துவிட்டு வருகிறோம், அதற்குள் முடித்தால் பார்ப்போம், இல்லாவிட்டால் இதையே எழுதிவிட்டுப் போய்விடுவோம் என்றார்கள். அவர்கள் முதுகைத் திருப்பியதும் அவன் பட்டாளத்து ஆளாகிவிட்டான். சாக்கை விரித்தான், நாலு தட்டையும் கழற்றினான், இரண்டை அவன் வைத்துக்கொண்டான், ஓட்டுநருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஆளுக்கொரு கத்தி.

"அக்கா, பெயின்ட் மட்டும்தான் போகணும். மரத்தைத் தொடாத."

"எனக்குத் தெரியும்டா."

தெரியும்தான். ஆனாலும் சுரண்டி முடித்த பிறகு ஒரு சந்தேகம். இவ்வளவு பாடுபட்டு மறுபடியும் சிக்கிக்கொண்டால் இவன் பெண்டாட்டிக்கு யார் பதில் சொல்வது? ஓட்டைக்கு ஓட்டை இன்னும் ஒரு சுரண்டு சுரண்டினேன். பிறகு இன்னும் ஒன்று. அவன் வாங்கி மாட்டும்போது சரிபார்க்க நேரமில்லை, அவர்கள் கோப்பையை வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டாவது ஓட்டம். தலைவர் முதல் வரிசையில் கொத்தினார், சாணுக்கு ஒன்று. இரண்டாவது வரிசை, சாணுக்கு ஒன்று. மூன்றாவதும் அப்படியே. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலாவது வரிசையில் கொத்தினால் சாணுக்கு இரண்டு, சில இடத்தில் மூன்று.

"இது யார் சுரண்டின தட்டு?"

"நான் சரிபார்க்காம மாட்டினது சார்" என்றான் தம்பி. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

"நான்தான் ஐயா சுரண்டினேன். ஒண்ணுக்கு ரெண்டா விழுந்தா நல்லதுதானே?"

பேசாமலே இருந்த அந்த அம்மாகூடச் சிரித்துவிட்டார். தலைவர் மட்டும் சிரிக்காமல் தம்பியைப் பார்த்து, இந்த வரிசையைக் கிளறிவிட்டுத் திரும்ப விதைக்கப் போகிறாயா என்று கேட்டார்.

"வேண்டாம் சார், இருக்கட்டும். விளைஞ்சதும் நாலு வரிசையையும் தனித்தனியா நிறுத்துப் பார்க்கலாம். அக்கா சொல்றது சரியா தப்பான்னு தெரிஞ்சிடும்."

பெரியவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அங்கேயே நின்று நெடுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. தபாலில் வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு மூன்றரை மாதம். பயிர் முளைத்தது, வளர்ந்தது, பூ விட்டது, உத்தரவு மட்டும் வரவில்லை. தம்பி பெண்டாட்டி தபால்காரர் வருகிற நேரத்தில் வாசலைத் துடைப்பாள், துடைத்த வாசலையே இன்னொரு தரம் துடைப்பாள். அவன் தினமும் போய் நாலாவது வரிசையைப் பார்ப்பான். ஒரே குழியில் இரண்டு செடி நெருக்கியடித்துக்கொண்டு, பேருந்தில் ஒரே இருக்கைக்கு இரண்டு பேர் மாதிரி நின்றன. தண்டு சன்னம், கதிர் சிறிசு. தப்பு என்று அவன் சொன்னான். எண்ணிக்கை அதிகம் என்று நான் சொன்னேன்.

அறுவடையன்று எல்லாரும் வயலில் இருந்தோம். அவன் தராசு வைத்துக் கூடை கூடையாக நிறுத்துக்கொண்டிருந்தான். நான் கதிரை அள்ளிப் போட்டேன், அவன் பெண்டாட்டி எடையை நோட்டில் குறித்துக்கொண்டாள். மூன்று வரிசை முடிந்து நாலாவது நடந்துகொண்டிருந்தபோது கல்லூரி எழுத்தர் சைக்கிளில் வந்தார், கையில் பழுப்பு உறை. அங்கே வையுங்கள், இன்னும் நாலு கூடைதான் என்றான் இவன், தலையை நிமிர்த்தாமல்.

"அவன் கிடக்கான், நீங்க படிங்க" என்றேன் நான்.

எழுத்தர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாருக்குப் பயப்பட வேண்டும் என்று புரிந்துகொண்டு உறையைக் கிழித்தார். நீட்டி முழக்கி ஏதேதோ படித்தார். எனக்கு விளங்கியது ஒரே ஒரு சொல்தான், நிரந்தரம்.

அவன் பெண்டாட்டி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்தாள். அவன் "சரி" என்றான். அவ்வளவுதான். ஒரு கூடையைத் தூக்கித் தராசில் வைத்து எடையைச் சொன்னான், அவள் குறித்தாள். இறக்கினான். திரும்ப அதே கூடையைத் தூக்கி வைத்தான், எடையைச் சொன்னான், அவளும் குறித்தாள். மூன்றாவது தரமும் அதையே வைத்தான். இரண்டு பேர் கண்ணும் தராசில் இல்லை. எழுத்தர் வாயைத் திறந்தார், நான் கையைக் காட்டி அடக்கிவிட்டேன்.

கடைசியில் கூட்டிப் பார்த்தால் மற்ற மூன்றையும்விட என் வரிசைதான் கூடுதல். அவன் மறுநாள் நோட்டைத் திருத்திவிட்டானாம், உன் வரிசை தோற்றுப்போனது என்று இன்றைக்கும் சொல்கிறான். திருத்தியதை நான் பார்க்கவில்லை, பார்த்தாலும் எனக்கு எழுத்துத் தெரியாது. எடை போட்ட அன்றைக்கு ஜெயித்தது என் வரிசைதான்.