குழாய்க்கு ஒரு பங்கு

முதலிபாளையத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் நாகஜோதி, கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. குடியிருப்பது லைன் வீட்டில். எட்டுக் குடும்பங்களுக்குக் குடிக்க ஒரு குழாய், துவைக்க ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். அந்தக் கதவுகளின் முன்னால் தினமும் நின்றால் எவருக்கும் பொறுமை வந்துவிடும். நாகஜோதிக்கு மட்டும் வரவேயில்லை.

லைனுக்குப் பின்னால் கம்பெனி முதலாளிகள் மாடிவீடு கட்டிக் குடிவந்தார்கள். லைனின் சாக்கடை அவர்கள் வாசலில் போய்த் தேங்கியபிறகுதான், எல்லோருக்கும் பொதுவாகப் போர்க் கிணறு போட்டு, கழிவுநீர்க் குழாயும் பதிக்கலாம் என்ற ஞானம் பிறந்தது.

அதற்காகக் கூடிய கூட்டத்தில், முதலாளிகளில் ஒருவரான தலைவர் ரத்தினசாமி, கோயில் நோம்பிக்கு வரி போடுவது போலவே இதற்கும் போட்டார்.

“ஊட்டுக்கு ஒரு பங்குங்க. பெரியவன் சின்னவன்னு பேதமில்லீங்க.”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஒற்றை அறைக்கும் ஒரு பங்கு, அவருடைய மூன்று மாடிக்கும் ஒரு பங்கு!

நாகஜோதி எழுந்தாள். “சாமிக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுதான் அண்ணாச்சி. தண்ணி அப்படியா? குழாய்க்கு ஒரு பங்குன்னு போடுங்க.”

ரத்தினசாமியின் மனைவி சாரதாமணி இரக்கப்பட்டாள். “பாவங்க, அவிங்க பங்கையும் நாமளே கட்டிப்போடலாமுங்க.”

“சும்மாதான தாராக, உக்காரு” என்று நாகஜோதியின் புருஷன் சந்தனம் அவள் சேலையைப் பிடித்து இழுத்தான்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “வேண்டாம்க்கா. சும்மா வாங்குனா, கோடையில மொத அடைக்கிறது எங்க குழாயத்தான். எங்க பங்க நாங்க குடுக்கோம்.”

எண்ணிப் பார்த்தார்கள். ரத்தினசாமி வீட்டில் மட்டும் பதினேழு குழாய். “எங்கூட்டுலயா இத்தன!” என்று அவரே வாயைப் பிளந்தார். சாரதாமணி சிரித்துவிட்டாள். குழாய்க்கு ஒரு பங்கு என்றே முடிவானது.

வீடு திரும்பியதும் சந்தனம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தானாக வந்ததை வீம்புக்காகக் கெடுத்துவிட்டோமோ என்று நாகஜோதிக்கும் தோன்றியது. பங்கைக் கட்ட ஓவர்டைம் பார்த்தாள்.

சித்திரையில் போர் தண்ணீர் பாதியானது. ரத்தினசாமி லைனை நோக்கி வருவதைப் பார்த்ததும் சந்தனம் குடங்களைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கு ஓடினான். நாகஜோதி வாசலை மறித்து நின்றாள்.

“ஏனுங்க அம்மிணி, எந்தக் குழாய மொதல்ல அடைக்கறதுங்க?” என்று கேட்டார் அவர்.

வந்த நாளாக இந்த ஊர் அவளிடம் வேலை சொல்லியிருக்கிறது. யோசனை கேட்டது அன்றுதான்.

“உங்க வாசல் புல்தரைக்குப் போறத அடைங்க அண்ணாச்சி” என்றாள். “அடுத்தது, எங்க துணி தொவைக்கிற குழாய்.”