மோட்டாருக்குள் காற்று

எங்கள் வீட்டு மோட்டாருக்குள் காற்றுப் புகுந்துவிட்டால் சத்தத்திலேயே தெரியும். தண்ணீர் ஏறும்போது அடித்தொண்டையில் உறுமும். காற்று அடைத்துக்கொண்டால் சத்தம் மெலிந்து சும்மா சுற்றும். அன்றைக்குக் காலையில் சுவிட்சைப் போட்டதும் அந்த மெலிந்த சத்தம்தான் கேட்டது. மாடித் தொட்டியில் ஒரு சொட்டு விழவில்லை.

ஸ்ரீரங்கத்தில் இந்த வீட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனதும் கட்டியது. மோட்டார் அவர் பொறுப்பு. நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பதோடு சரி. ஸ்பானர் கேட்டால் எடுத்துக் கொடுப்பேன், எதற்கு என்று கேட்டதில்லை. அவர் போய் மூன்று வருடமாகிறது.

சென்னையில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வான். எப்போதும் ஒரே பேச்சு. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நான் அங்கே வந்துவிட வேண்டும். போன கோடையில் மோட்டார் இழுக்காமல் இரண்டு நாள் தண்ணீரே இல்லாமல் இருந்தேன். யாரிடமும் சொல்லக் கூச்சம். எப்படியோ அவனுக்குத் தெரிந்து, அங்கிருந்தே ஒரு மெக்கானிக்கைப் பிடித்து அனுப்பினான்.

"இதுதாம்மா கடைசி. இன்னொரு தடவை தண்ணி இல்லாம உக்காந்திருந்தீங்கன்னா நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன். பேச்சே கிடையாது."

"சரிப்பா" என்றேன்.

அதனால்தான் இந்தத் தடவை மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் மகன் காதுக்குப் போய்விடும். நானே காற்றை எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். தெருவைத் தோண்டிப் போட்டதிலிருந்து கார்ப்பரேஷன் குழாயிலும் வரத்து இல்லை. குடிக்க வைத்தது போக வீட்டில் மீதி இருந்தது ஒரு வாளித் தண்ணீர். அதை எடுத்துப் போய் வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். எங்கள் தெருவில் ஒரு வாசல் காய்ந்து கிடந்தால் உள்ளே ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கதவைத் தட்டிவிடுவார்கள். தனியாக இருக்கிறவள் வாசலைக் காயவிட முடியாது. அன்றைக்குப் பயத்தில் வழக்கத்தைவிடத் தாராளமாகவே தெளித்தேன்.

பிறகு ஸ்பானரோடு பின்பக்கம் போய் மோட்டார் அருகில் உட்கார்ந்தேன். அதன் தலையில் ஒரு பித்தளை மூடி உண்டு. இரண்டு கையாலும் அமுக்கித் திருகியதில் கழன்றது. உஸ்ஸென்று கொஞ்சம் காற்று வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. இந்த இடத்தில் அவர் என்ன செய்வார் என்று யோசித்தேன். ஒரு குடம் தண்ணீர் கேட்பார். ஊற்ற ஊற்ற உள்ளே இருக்கிற காற்று கொப்புளமாக மேலே வரும். வாய்வரை தண்ணீர் நின்றால்தான் மோட்டார் இழுக்கும்.

அப்போதுதான் வாசலில் கொட்டிய வாளி ஞாபகத்துக்கு வந்தது.

குடிக்க வைத்திருந்த சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். போன இடம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இந்தத் தெருவில் யாரிடமும் ஒரு தீப்பெட்டிகூட நான் கேட்டதில்லை. பேசுவதெல்லாம் அவர்தான். பார்த்தால் சிரிப்பேன், அவ்வளவுதான்.

காலிக் குடத்தோடு யார் எதிரிலும் வரக் கூடாது என்று அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பவள் ஐம்பது வயதுக்காரி, வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறவள்.

"வாங்கம்மா. வழி கிழி தவறிட்டீங்களா? என்ன அது, தலைப்புக்குள்ள?"

"ஒரு குடம் தண்ணி வேணும். மோட்டாருக்கு."

அவள் எட்டி என் வாசலைப் பார்த்தாள். "வாசல்ல ஆடிப்பெருக்கு கணக்கா ஓடுது, மோட்டாருக்கு இல்லையாக்கும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஓ, ஊருக்குக் காட்டவா? நல்ல ஆளும்மா நீங்க. உங்க பையன் என் நம்பர் வாங்கி வெச்சிருக்காரு, தெரியுமா? அம்மா எப்படி இருக்காங்கன்னு கேப்பாரு. போன கோடைல நான்தான் சொன்னேன்."

"இதைச் சொல்லாத."

"தண்ணி ஏறிச்சுன்னா சொல்லல. ஏறலைன்னா சொல்லிருவேன். அப்புறம் என்னைத்தானே கேப்பாரு?"

தன் வீட்டுத் தொட்டியிலிருந்து இரண்டு குடம் நிறைத்து, ஒன்றை அவளே இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் மெல்ல ஊற்றினேன். குபுக் குபுக்கென்று கொப்புளம் வந்தது.

"போதும்மா, வழியுது."

"இன்னும் காத்து வருது, இரு."

அவளை அப்படி அதட்டியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கொப்புளம் அடங்கியதும் மூடியை லேசாகப் போட்டுவிட்டு சுவிட்சைப் போட்டேன். மூடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். சீறிக்கொண்டு காற்றும் நுரையுமாக முகத்தில் அடித்தது. நுரை போய் வெறும் தண்ணீர் வந்ததும் இறுக்கினேன். உறுமல் வந்துவிட்டது.

ஆனால் பிரஷர் காட்டும் முள் கீழேயே கிடந்தது. முள் நிற்க வேண்டிய இடத்தில் அவர் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். மேலே போகும் குழாயின் வால்வைக் கொஞ்சம் மூடினேன், முள் எழுந்தது. இன்னும் கொஞ்சம் மூடினேன், கோட்டைத் தாண்டியது. திரும்பத் திறந்து கோட்டில் நிறுத்தினேன். மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"கெட்டிக்காரிதாம்மா" என்று அவள் குடங்களை எடுத்துக்கொண்டாள். "நான் சொல்லல. போங்க."

ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போ என்று சொல்ல நினைத்தேன். வார்த்தை வாய்க்கு வருவதற்குள் கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகனிடம் நானே சொன்னேன். அவன் நம்பவில்லை. மூடியை எப்போது இறுக்கினேன், முள் எங்கே நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். எல்லாம் சொன்னேன்.

"அப்ப சரிம்மா. இருங்க அங்கேயே. இனிமே இங்க வந்துருங்கன்னு நான் கூப்பிடல."

சொன்னபடியே இருக்கிறான். அடுத்த ஞாயிறு சாப்பிட்டீங்களா என்றான், சாப்பிட்டேன் என்றேன். மோட்டார் ஓடுதா என்றான், ஓடுது என்றேன். அதற்குமேல் பேச இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. மூன்று வருடமாக நான் சென்னைக்குப் போவதா வேண்டாமா என்பதைத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"வெச்சிரட்டுமாம்மா?"

"சரிப்பா."

இப்போதெல்லாம் அவனிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று வாரம் முழுக்க யோசித்து வைக்கிறேன். போன் வந்ததும் மறந்துவிடுகிறது.